எழுத்தால் எழுதிய தொகை

காசோலையின் அடிவிளிம்பில் ஒரு விரற்கடை அகலத்துக்கு வெறுமையாக விடப்பட்ட பட்டையையும், அதில் வரிசை கட்டி நிற்கும் விசித்திரமான எண்களையும் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அவற்றை வாசித்துப் பார்த்தவர்கள் குறைவு. ஒன்று என்னும் எண்ணுக்குப் பாதம் மட்டும் வீங்கியிருக்கும். எட்டுக்கு இடுப்புக்குக் கீழே கனம். சுழியமோ வட்டமாக இல்லாமல் நாற்கட்டு வீட்டின் வரைபடம் போல நிற்கும். கண்ணுக்கு இதமானவை என்று யாரும் சொல்லமாட்டார்கள். காஞ்சிபுரத்தில் சிறியதோர் அச்சகம் நடத்தும் அண்ணன் தம்பி நாங்கள். கல்யாணப் பத்திரிகை, ரசீதுப் புத்தகம், உற்சவ நோட்டீஸ், ஜவுளிக்கடைப் பில் என்றே காலம் போயிற்று. எழுத்தின் லட்சணத்தை விற்றுச் சாப்பிடும் எங்களுக்கு, மனிதர் கண்ணைக் கொஞ்சமும் கருதாமல் வரையப்பட்ட ஓர் எழுத்துரு ஈர்ப்பாகவும் எரிச்சலாகவும் இருந்ததில் வியப்பில்லை.

ஈ-13பி என்பது அதன் பெயர். பெயர்கூட ஓர் அலுவலகக் குறிப்புத்தான். பரிசீலிக்கப்பட்ட வடிவங்களில் ஐந்தாவது என்பதால் ஈ. அதன் இரண்டாம் திருத்தம் என்பதால் பி. எழுத்தை வரைந்த கட்டத்தின் அளவு ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 13 பங்கு என்பதால் 13. கட்டம் என்றதும் எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சேலைக் கரைக்கு டிசைன் போடும் கட்டத் தாள் நினைவுக்கு வரும். அதிலும் கோடு வளைவதில்லை. கட்டம் கட்டமாகப் படியேறியும் இறங்கியும்தான் அன்னமும் மயிலும் உருவாகவேண்டும்.

1950-களில் அமெரிக்காவில் பேங்க் ஆஃப் அமெரிக்கா வங்கி காசோலைக் குவியலைக் கையால் பிரித்து மாளாமல் திணறியபோது, ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்தை நாடியது. அங்கே உருவான எர்மா என்னும் இயந்திரம் 1955-இல் உலகுக்குக் காட்டப்பட்டது. பின்னர் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் அதைத் தயாரித்துக் கொடுத்தது. அந்த முயற்சியின் பிள்ளைதான் காந்த மை எழுத்து. மையில் இரும்பு ஆக்ஸைடு கலந்திருக்கும். காசோலை முதலில் ஒரு காந்தத்தைக் கடந்து, பிறகு உணர்முனையைக் கடந்து ஓடும். இயந்திரம் எழுத்தைப் பார்ப்பதே இல்லை; ஒவ்வொரு நெடுக்குத் துண்டிலும் எவ்வளவு மை இருக்கிறது என்பதன் ஏற்ற இறக்கத்தை ஓர் அலையாக உணர்கிறது, அதுவும் வலக்கோடியிலிருந்து தொடங்கி. எந்த எண்ணின் அலையும் வேறோர் எண்ணின் அலையை ஒத்திருக்கக்கூடாது என்பதற்காகவே அந்தத் தடிப்பும் மெலிவும். மேலே முத்திரை குத்தினாலும், கையெழுத்து வழிந்து இறங்கினாலும், காபியே சிந்தினாலும் அவற்றில் காந்தம் இல்லாமையால் இயந்திரம் குழம்புவதில்லை. அந்நாளைக்கு இது பெரிய சாமர்த்தியம்.

மொத்தம் 14 வடிவங்கள்தாம்: பத்து எண்கள், நான்கு குறிகள். எழுத்து என்று ஒன்றுகூடக் கிடையாது. இதை இங்கே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் உதவும்.

இந்தியாவில் ரிசர்வ் வங்கி 1980-களில் மும்பை, டெல்லி, கொல்கத்தா, சென்னை ஆகிய நான்கு பெருநகரங்களின் காசோலைத் தீர்வகங்களில் இம்முறையைக் கொண்டுவந்தது. அன்று முதல் நம் காசோலையின் அடியில் ஆறு இலக்கக் காசோலை எண், அதையடுத்து ஒன்பது இலக்கக் குறியீடு, பின் கணக்கைச் சுட்டும் ஆறு இலக்கம், இறுதியில் பரிவர்த்தனையின் வகையைச் சொல்லும் இரண்டு இலக்கம். ஒன்பது இலக்கத்தில் முதல் மூன்று ஊர், அடுத்த மூன்று வங்கி, கடைசி மூன்று கிளை. ஊரின் மூன்று இலக்கம் அஞ்சல் குறியீட்டின் தலையை ஒத்தது, சென்னைக்கு 600. ஸ்டேட் வங்கி 002, இந்தியன் வங்கி 019, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி 020. தொகைக்கு வலக்கோடியில் இடம் காலியாக இருக்கும். காசோலையைப் பெற்றுக்கொண்ட வங்கியில் ஒருவர் உட்கார்ந்து தொகையை ஒரு பொறியில் தட்ட, அது அதே காந்த மையில் அந்த இடத்தில் பதியும். பிறகு தாள்களைப் பிரித்து அடுக்கும் இயந்திரம் அந்த வரியை மட்டுமே நம்பியது. மேலே மனிதர் கைப்பட எழுதியது எதுவும் அதற்குப் பொருட்டில்லை.

எங்கள் கடைக்கு "அந்த செக் எழுத்து இருக்கா?" என்று கேட்டுக்கொண்டு வந்தவர்கள் உண்டு. பெரும்பாலும் கம்ப்யூட்டர் வகுப்புக்கு நோட்டீஸ் அடிக்க வந்தவர்கள். அந்த எண்களைப் பார்த்து மயங்கி, அதே சாயலில் ஆங்கில எழுத்துகளையும் வரைந்தார்கள் 1960-களில். லியோ மேக்ஸ் என்பவர் வரைந்த வெஸ்ட்மின்ஸ்டர் அப்படிப் பிறந்ததுதான். இயந்திரம் அதை வாசிக்காது. எதிர்காலம் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று மனிதர்களுக்குக் காட்டுவதற்கான வேடம் அது. எங்கள் ஊர்க் கயிலாசநாதர் கோயிலில் இராசசிம்ம பல்லவனின் விருதுப்பெயர்களை ஒன்றுக்கு மேற்பட்ட எழுத்துவகைகளில் சுழிப்பும் கொடியுமாகச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். அங்கே எழுத்தின் வேலை வாசிக்கப்படுவது மட்டுமன்று, பார்த்தவர் நிற்கவேண்டும். ஈ-13பி-யின் நோக்கமோ யாரும் எங்கும் நிற்காமல் தாள் ஓடிக்கொண்டே இருக்கவேண்டும் என்பது.

நிற்க. உண்மையான ஈ-13பி எழுத்துருவைக் கணினியில் இறக்கி அச்சிட முடியாதா என்று கேட்டால், அமெரிக்காவில் முடியும். வெற்றுக் காசோலைத் தாள், காந்த டோனர், எழுத்துரு, மென்பொருள் எல்லாம் அங்கே கடைச்சரக்கு. அவரவர் மேசையிலேயே காசோலை அச்சிட்டுக்கொள்ளலாம். எரிக் சாண்டீன் என்பவர் க்னூமைக்கர் என்ற பெயரில் அந்த எழுத்துருவைக் கட்டற்ற மென்பொருளாகவே வெளியிட்டார். இங்கே அப்படி இல்லை. காசோலைப் புத்தகத்தை வங்கிதான் தரும். அதை அச்சிடுவோரும் இந்திய வங்கிகள் சங்கத்தின் ஒப்புதல் பெற்ற பாதுகாப்பு அச்சகத்தார். 2010-இல் ரிசர்வ் வங்கி வகுத்த சி.டி.எஸ்.-2010 தரத்தின்படி தாளில் நீர்க்குறி வேண்டும், நகலெடுத்தால் 'வாய்ட்' என்று எழும் மறைவேலைப்பாடு வேண்டும், புற ஊதா ஒளியில் மட்டும் தெரியும் வங்கிச் சின்னம் வேண்டும். எங்களைப் போன்ற தெருவோர அச்சகத்துக்கு அந்த அடிப்பட்டையில் அணுவளவும் இடமில்லை. இந்த ஏற்பாடு சரியென்பதே எங்கள் கருத்து. தொழில் பொறாமை இருந்தும் சொல்கிறோம்.

எங்களுக்கு மிஞ்சியது மேற்பகுதி: தேதி, பெயர், எண்ணால் தொகை, எழுத்தால் தொகை. சந்தையில் கிடைக்கும் காசோலை அச்சு மென்பொருள்கள் எல்லாம் இந்த நான்கையும் உரிய கட்டத்தில் விழச்செய்பவைதாம். வங்கிக்கு வங்கி இடம் ஒரு மில்லிமீட்டர் இரண்டு மில்லிமீட்டர் மாறும். ஊரின் பட்டு முதலாளிகள் சிலருக்கு அந்த அளவுகளை அமைத்துக் கொடுத்து வந்தோம். சாதாரண வேலை. அதில் யோசிக்க ஏதுமிருப்பதாக 2016 நவம்பர் வரை எங்களுக்குத் தோன்றியதில்லை.

அந்த மாதம் 8-ஆம் தேதி இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டபின், நடப்புக் கணக்கு வைத்திருந்தவர்கள் வாரத்துக்கு 50,000 ரூபாய்தான் எடுக்கலாம் என்றானது. ஐம்பது தறிக்குக் கூலி தரும் முதலாளிக்கு அது எந்த மூலைக்கு? பாவு முடிந்து சேலையைக் கொண்டுவந்து போட்டால் கையில் எண்ணி வாங்கிப் பழகியவர்களுக்குக் காசோலை கொடுக்கத் தொடங்கினார்கள். எங்கள் அச்சுப்பொறிக்கு ஓய்வில்லை. பிள்ளையார்பாளையத்திலிருந்து வந்த நெசவாளர் அக்கா ஒருவர், முதலாளி கொடுத்த காசோலையை வங்கிக்குக் கொண்டுபோகாமல் நேரே எங்களிடம் கொண்டுவந்தார். நாங்கள்தான் அச்சடித்தோம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"தம்பி, நம்பர்ல எட்டாயிரத்துத் தொள்ளாயிரம் போட்டிருக்குது, அது தெரியுது. எழுத்துல போட்டதுதான் செல்லும்னு எங்க ஊட்டுக்காரர் சொல்றார். அந்த எழுத்து எனக்குத் தெரியாதே. அதுல என்ன போட்டிருக்கீங்க?"

கணவர் சொன்னது முற்றிலும் சரி. 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது: எண்ணும் எழுத்தும் முரண்பட்டால் எழுத்தில் உள்ளதே தொகை. நடைமுறையில் வங்கிகள் அப்படிப்பட்ட காசோலையைத் திருப்பி அனுப்பிவிடும் என்பது வேறு விஷயம். சட்டத்தின் கண்ணில் அந்தத் தாளின் உயிர் எழுத்தில் இருக்கிறது. அந்த எழுத்து ஆங்கிலத்தில் இருக்கிறது. வாங்கியவர் வாசிக்கக்கூடியது எண். இயந்திரம் வாசிக்கக்கூடியதும் எண். ஆக, சட்டம் எதைத் தொகை என்கிறதோ அதைக் கூலி பெறுபவர் ஒருவர்தான் வாசிக்க முடியாமல் இருந்தார். அவர் எழுத்தறியாதவர் அல்லர். தமிழ் நாளிதழை வரிவிடாமல் படிப்பவர். ஜக்கார்டு பெட்டியில் ஏறும் அட்டையை விரலால் தடவியே எந்த வரிசையில் துளை தூர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். இயந்திரம் வாசிக்கும் எழுத்தும் அவருக்குப் பழக்கம்தான் என்று பொருள்.

வாசித்துச் சொன்னோம். அவர் நம்பிப் போனார். எங்களுக்குத்தான் உறுத்தியது. காசோலைப் படிவம் இந்தியிலும் ஆங்கிலத்திலும் அச்சிடப்பட்டிருக்கவேண்டும், ஆனால் வாடிக்கையாளர் அதை இந்தியிலோ ஆங்கிலத்திலோ தம் வட்டார மொழியிலோ நிரப்பலாம் என்பது வாடிக்கையாளர் சேவை பற்றிய ரிசர்வ் வங்கியின் அறிவுறுத்தல். தமிழில் எழுதினால் மெஷின் எடுக்காது என்று ஊரெங்கும் ஒரு நம்பிக்கை உண்டு. மேலே நினைவில் வைக்கச் சொன்னது இதற்குத்தான். அந்த மெஷினுக்கு ஆங்கிலமும் தெரியாது. அடிப்பட்டையில் மொழியே இல்லை. மொழி இருக்கும் மேற்பகுதியை அந்தப் பட்டையை வாசிக்கும் பொறி சீண்டுவதில்லை. தமிழைத் தடுத்தது காந்தமும் இல்லை, விதியும் இல்லை. மென்பொருள் செய்தவர்கள் ஆங்கிலத்தில் செய்தார்கள், அவ்வளவே.

எனவே, எண்ணைக் கொடுத்தால் தமிழில் தொகையை எழுதித்தரும் ஒரு சிறு நிரலை விரிதாளுக்குள் எழுத உட்கார்ந்தோம். ஒரு மாலையில் முடியும் என்று நினைத்த வேலை. ஆங்கிலத்தில் இது சொற்களை வரிசையாக ஒட்டும் காரியம். தமிழில் எண்ணுப்பெயர்கள் ஒன்றையொன்று தொட்டதும் உருமாறுகின்றன. நூறு தனியே நிற்கையில் நூறு. பின்னால் ஏதேனும் வந்தால் நூற்று. இருபதுக்குப் பின் ஐந்து வந்தால் இருபத்தைந்து, ஐயாயிரம் வந்தால் இருபத்தையாயிரம். பத்து என்பது பதினொன்றில் ஒரு விதம், பன்னிரண்டில் வேறு விதம், பத்தொன்பதில் இன்னொரு விதம். முந்நூறு என்று எழுதவேண்டியதை முன்னூறு என்று எழுதும் பழக்கம் எங்கள் பத்திரிகை வேலையிலேயே புகுந்திருந்ததால் அதை விரட்டத் தனிப் போராட்டம். தொல்காப்பியரும் நன்னூலாரும் எண்ணுப்பெயர்ப் புணர்ச்சிக்கு அத்தனை நூற்பாக்கள் ஒதுக்கியது ஏன் என்பது, பள்ளியில் விளங்காமல், அச்சுப்பொறியின் முன் விளங்கியது.

ஒன்பதில்தான் நிரல் திணறியது. மற்ற எண்களெல்லாம் தத்தம் பத்திலும் நூறிலும் முகம் காட்டுகின்றன: எட்டு, எண்பது, எண்ணூறு. ஒன்பதோ ஒரு படி மேலே ஏறி உட்கார்ந்திருக்கிறது. தொண்ணூறில் நூறு ஒலிக்கிறது, தொள்ளாயிரத்தில் ஆயிரம் ஒலிக்கிறது. ஒன்பதுக்குத் தொண்டு என்றொரு பழம்பெயர் உண்டு என்பது இலக்கிய நண்பர்கள் அறிந்தது. இதற்கு விதி எழுத முயன்று விட்டுவிட்டு, விலக்குகளின் பட்டியலாகவே கொடுத்தோம். அதோடு முடியவில்லை. எங்களிடம் இருந்த பழைய அச்சு மென்பொருளுக்கு ஒருங்குறித் தமிழ் அரைகுறைதான். உயிர்மெய்யின் இருபுறமும் குறி நிற்கும் எழுத்துகளில் கொம்பு ஒருபக்கம், கால் ஒருபக்கம் சிதறி விழுந்தது. எண்ணுப்பெயர்களில் அப்படிப்பட்டவை பல: பதினொன்று, பத்தொன்பது, தொண்ணூறு, தொள்ளாயிரம், கோடி. நெசவுக் கூலி கோடியைத் தொடப்போவதில்லை என்பதால் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. மற்றவற்றுக்காக, 1990-களின் டி.டி.பி. நாள்களிலிருந்து நாங்கள் கட்டிக்காத்த பழைய குறியாக்க எழுத்துரு ஒன்றைத் தூசு தட்டி எடுத்தோம். அதில் கொம்பைத் தனியாகவும் காலைத் தனியாகவும் தட்டச்சு செய்வது முறையாகையால், பழைய மென்பொருளும் அதை மறுபேச்சின்றி ஏற்றுக்கொண்டது. அரசே 2010-இல் ஒருங்குறிக்கு மாறிவிட்டபின் நாங்கள் பின்னோக்கிப் போனது விநோதம்தான்.

எங்களுக்குள் சண்டையும் வந்தது. 8,000 என்பதை எண்ணாயிரம் என்று எழுதவேண்டும் என்றார் அண்ணன். செய்யுள் மரபு அதுதான். எட்டாயிரம் என்றார் தம்பி. அந்த அக்கா உரக்க வாசித்துப் பார்க்கும்போது எது அவர் வாயில் வருமோ அதுவே காசோலைக்குத் தமிழ் என்று கடைசியில் முடிவாயிற்று. பெயரை மட்டும் வங்கிப் புத்தகத்தில் உள்ளபடி ஆங்கிலத்திலேயே விட்டோம். முன்னெழுத்து ஒன்று மாறினாலும் பணம் நின்றுவிடும்.

ஒரு சந்தேகத்தையும் சோதித்தோம்: தமிழில் எழுதினால் தொகையைத் திருத்துவது எளிதாகுமா? ஆங்கிலத்தில் எய்ட், சிக்ஸ், செவன் ஆகியவற்றின் வாலில் ஓரிரு எழுத்தைச் சேர்த்தால் எண்பதும் அறுபதும் எழுபதும் ஆகிவிடும். தமிழில் எட்டு என்பதன் பின்னால் எதை ஒட்டினாலும் எண்பது ஆகாது. சொல்லின் உடம்பே மாறவேண்டும். புணர்ச்சியில் சொற்கள் ஒட்டிக்கொள்வதால் நடுவே இடைவெளியும் குறைவு. அபாயம் இடப்பக்கத்தில்தான். நூறு என்பதற்கு முன்னே 'இரு' என்று சேர்த்துவிடலாம். எனவே ரூபாய் என்ற சொல்லை இடவிளிம்போடு ஒட்டி, இடைவெளியின்றித் தொகையைத் தொடங்கினோம். முடிவில், ஆங்கிலக் காசோலையின் 'ஒன்லி' இருக்கும் இடத்தில், 'மட்டும்'.

முதலாளிகளில் இருவர் இசைந்தார்கள். முதல் வாரம் கொடுத்தவை பெரும்பாலும் தடங்கலின்றிப் பணமாயின. ஒரு வங்கியின் கிளையில் மட்டும் மூன்று காசோலைகளை வாங்க மறுத்தார்கள். "இதை சென்னையில் யார் படிப்பது?" என்றார் அங்கிருந்தவர். அது வீண் கேள்வி என்று சொல்லமுடியாது. 2011 செப்டம்பர் 24 முதல் சென்னையில் காசோலை துண்டிப்பு முறை நடைமுறைக்கு வந்தபின், தாள் போட்ட இடத்திலேயே தங்கிவிடுகிறது. அதன் படமும் அடிப்பட்டையின் எண்களும்தாம் பயணம் செய்கின்றன. சென்னைத் தொகுப்பில் அன்று தமிழ்நாட்டோடு வேறு மாநிலங்களும் அடங்கியிருந்தன. படத்தைத் திரையில் பார்ப்பவருக்குத் தமிழ் தெரியாமலும் இருக்கலாம். ஆனால் பணம் தரவேண்டிய கணக்கு இதே ஊரில் இருந்தது. கையொப்பமிட்டவர் கூப்பிடு தூரத்தில் இருந்தார். ரிசர்வ் வங்கியின் அறிவுறுத்தலை அச்செடுத்துக்கொண்டு இருமுறை போனோம். மூன்றாம் நாள் வாங்கிக்கொண்டார்கள். அந்த மூன்று குடும்பங்களுக்கும் கூலி கைக்கு வர எட்டு நாள் தள்ளிப்போயிற்று. அந்த மாதத்தில் எட்டு நாள் என்பது சிறிதன்று. ஒருவர் எங்களிடம் வந்து, "நமக்கு எதுக்குத் தம்பி இந்தத் தமிழ் வம்பு, இங்கிலீஷ்லயே போட்டுக் குடுத்துடுங்க" என்றார். அவருக்கு அப்படியே செய்து கொடுத்தோம். அவரைக் குறைசொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. உரிமை என்று நாம் எழுதுவது எளிது. அதைக் கவுன்ட்டரில் நின்று கேட்பதற்கு ஒரு நாள் தறி நிற்கவேண்டும்.

பிள்ளையார்பாளையத்து அக்கா அடுத்த காசோலையை எங்கள் கடையிலேயே உட்கார்ந்து வாசித்தார், எழுத்துக்கூட்டி இல்லை, ஒரே மூச்சில். வாசித்து முடித்துவிட்டு, "மட்டும்னா என்ன தம்பி, அவ்ளோதானா?" என்றார். பின்னால் யாரும் எதையும் சேர்த்துவிடக்கூடாது என்பதற்காகப் போடுவது என்று விளக்கினோம். "சேர்த்தா நல்லதுதானே" என்று சிரித்துக்கொண்டே மடிக்கப்போனவர், மடிக்கக்கூடாது என்றதும் சேலை வைக்கும் அட்டைப்பெட்டிக்குள் தட்டையாக வைத்துக்கொண்டு போனார்.

அதன்பின் காலம் வேகமாக ஓடிவிட்டது. கூலி இப்போது பெரும்பாலும் கைபேசி வழியே கணக்கில் விழுகிறது. 2025 அக்டோபர் 4 முதல் காசோலைகளை நாள் முழுவதும் தொடர்ச்சியாக அனுப்பி, மணிக்கணக்கில் தீர்க்கும் முறையும் வந்துவிட்டது; அடிப்பட்டை எண்கள் அப்படியே இருக்கின்றன. எங்கள் நிரல் காசோலைக்குப் பயன்பட்டு ஆண்டுகள் ஆகின்றன. இப்போது அது கோயில் உற்சவ நன்கொடை ரசீதுக்கு உழைக்கிறது. அங்கே யாரும் முழு நூறாகக் கொடுப்பதில்லை. நூற்றொன்று, ஐந்நூற்றொன்று, ஆயிரத்தொன்று என்று புணர்ச்சிக்குக் குறைவே இல்லை. சென்ற ஆண்டு உற்சவக் கமிட்டிக்காரர் மாதிரி ரசீதைப் பார்த்துவிட்டு, கடைசியில் வரும் 'மட்டும்' வேண்டாம், கொடுத்தவர் குறைத்துக் கொடுத்ததுபோல் தொனிக்கிறது என்றார். எடுத்துவிட்டோம்.